இனவெறிப் பேச்சுக்கு எத்தனை ஆட்டத் தடை? ஒரு லீக் செயலாளரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: பன்னிரண்டு அணிகள் ஆடும் ஓர் அமெச்சூர் கால்பந்து லீக்கின் செயலாளராக இருக்கிறேன். சென்ற மாத ஆட்டமொன்றில், எதிரணி வீரரின் தோல் நிறத்தைச் சொல்லி ஒருவர் இழிவாகப் பேசியதாகப் புகார் வந்துள்ளது. அதே ஆட்டத்தில் பார்வையாளர் பக்கமிருந்து குரங்கைப் போலச் சத்தமும் எழுப்பியிருக்கிறார்கள். நடுவர் காதில் எதுவும் விழவில்லை. எங்கள் விதிகளில் ‘ஒழுங்கீனம்’ என்ற ஒரு சொல் மட்டுமே உள்ளது. வீரரை எப்படித் தண்டிப்பது? ரசிகர்கள் செய்ததற்குக் கிளப்பைத் தண்டிக்கலாமா?

பதில்: இனி நீங்கள் எழுதப்போகும் விதியைக் கொண்டு சென்ற மாத நிகழ்வைத் தண்டிக்க முடியாது, அதை இப்போதுள்ள ‘ஒழுங்கீனம்’ என்ற பிரிவின் கீழ், குழுவுக்குள்ள அதிகாரத்துக்கு உட்பட்டே விசாரிக்க வேண்டும். அடுத்த பருவத்துக்கான விதியைத் தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் மேல்முறையீட்டில் இரண்டும் அடிபட்டுப் போகும்.

நடுவர் கேட்கவில்லை என்பதால் வழக்கு முடிந்துவிடாது. அவர் கேட்டிருந்தால், இழிவான சொல்லுக்காக அங்கேயே சிவப்பு அட்டை காட்டியிருக்கலாம். கேட்காத நிலையில் அது ஒழுங்குக் குழுவின் வேலையாகிறது. குழு முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த அளவுக்கு நிரூபணம் தேவை என்பதைத்தான். குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். விளையாட்டுத் தீர்ப்பாயங்கள் பலவற்றிலோ, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நிறுவினால் போதும். 2011 அக்டோபரில் ஆன்டன் ஃபெர்டினாண்டை இனத்தைச் சொல்லித் திட்டியதாக ஜான் டெர்ரி மீது எழுந்த புகாரில், 2012 ஜூலையில் லண்டன் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே நிகழ்வுக்காக இரண்டே மாதத்தில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அவருக்கு 4 ஆட்டத் தடையும் 2,20,000 பவுண்டு அபராதமும் விதித்தது. இதில் முரண் எதுவும் இல்லை. இரண்டு மன்றங்களும் வெவ்வேறு அளவுகோலைக் கையாண்டன. ஆகவே காவல்துறைக்குப் புகார் போயிருந்தாலும், அதன் முடிவுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

சாட்சியை எப்படி எடைபோடுவது என்பதற்கு அதே அக்டோபரில் லிவர்பூல் கிளப்பின் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்த இன்னொரு நிகழ்வைப் படிப்பது நல்லது. லிவர்பூல் வீரர் லூயிஸ் சுவாரஸ் தன்னை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார் என்பது மான்செஸ்டர் யுனைடெட் வீரர் பேட்ரிஸ் எவ்ராவின் புகார். தன் நாடான உருகுவேயில் அந்தச் சொல்லை நட்பாகவும் பயன்படுத்துவார்கள் என்பது சுவாரஸின் வாதம். இங்கிலாந்துச் சங்கத்தின் குழு அந்த வாதத்தைத் தள்ளிவிடாமல், அவ்வட்டார ஸ்பானிய மொழியை அறிந்த இரண்டு நிபுணர்களிடம் கருத்துக் கேட்டது. நட்பாகவும் சொல்வதுண்டு என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இருவரும் முகத்துக்கு முகம் சண்டையிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், எவ்ராவின் கைத்தோலைக் கிள்ளியபடி இருந்த ஒருவர் சொன்ன சொல் நட்பாக இருக்க வாய்ப்பில்லை என்று குழு முடிவுசெய்தது. 8 ஆட்டத் தடை, 40,000 பவுண்டு அபராதம், அதற்கான காரணங்களை விளக்கும் 115 பக்க அறிக்கை என்று அந்த வழக்கு முடிந்தது. உங்களுக்கு நான்கு பக்கம் போதும். ஆனால் காரணம் எழுதாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நான் உறுப்பினராக இருந்த ஒரு குழுவில், ‘ஆட்சேபகரமான வார்த்தை பேசினார்’ என்று மட்டும் நடுவர் எழுதிக்கொடுத்திருந்தார். அந்த வார்த்தையைத் தாளில் எழுதக் கூசினார் என்பது பிறகுதான் தெரிந்தது. விசாரணை நடந்த மூன்றாவது வாரத்தில் ஆளுக்கொரு வார்த்தையைச் சொன்னார்கள், புகார் நிற்கவில்லை. புகார் கொடுத்த இளைஞர் எதுவும் பேசாமல் எழுந்து போனது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. எனவே ஆட்டம் முடிந்த அன்றே, எந்த மொழியில் என்ன சொல் பேசப்பட்டதோ அதே சொல்லை அப்படியே எழுதி வாங்க வேண்டும். சாட்சிகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கைபேசிக் காணொளிகளை அழியும் முன் பெற்றுவிட வேண்டும்.

தண்டனையின் அளவுக்கு வருவோம். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியமான யூஇஎஃப்ஏவும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவும் இனவெறிப் பேச்சுக்குக் குறைந்தது 10 ஆட்டத் தடை என்று வைத்திருக்கின்றன. 2021 மார்ச்சில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ரேஞ்சர்ஸ் வீரர் கிளென் கமாராவின் காதருகே பேசிய ஸ்லாவியா பிராக் வீரர் ஓன்ட்ரே குடேலாவுக்கு அந்த 10 ஆட்டத் தடை கிடைத்தது. அணிக்கு 22 ஆட்டங்கள் உள்ள உங்கள் லீக்கில் 10 ஆட்டம் என்பது ஏறக்குறைய பாதிப் பருவம். முதல் முறைக்கு 6 முதல் 10 வரை, இரண்டாம் முறைக்கு ஒரு முழு ஆண்டு என்று வைப்பது பொருத்தம் என்பது என் கருத்து. மிச்சமுள்ள தடை அடுத்த பருவத்துக்குத் தொடர வேண்டும். வீரர் கிளப் மாறினாலும் கூடவே போக வேண்டும். விழிப்புணர்வு வகுப்பைத் தடையோடு சேர்த்துக் கட்டாயமாக்குங்கள். தடைக்குப் பதிலாக வைக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் விரும்பாதபோது கைகுலுக்கச் சொல்லி அவரை வற்புறுத்தவே கூடாது.

ரசிகர்கள் விஷயம் இதைவிடச் சிக்கலானது. 2019 அக்டோபரில் சோபியாவில் பல்கேரியாவும் இங்கிலாந்தும் மோதிய ஆட்டம் இனவெறிக் கூச்சலால் இரண்டு முறை நிறுத்தப்பட்டது. முந்தைய இனவெறிக் குற்றத்துக்காக அந்த மைதானத்தின் ஒரு பகுதி அன்று ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. 2021இல் ஸ்பார்ட்டா பிராக் ரசிகர்களின் செயலுக்காகப் பெரியவர்களை உள்ளே விடாமல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மைதானத்தைத் திறந்தார்கள். அங்கும் அதே கமாரா பந்தைத் தொட்டபோதெல்லாம் கூச்சல் எழுந்தது. இருக்கைகளைத் தண்டிப்பதால் மட்டும் பயனில்லை என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இவையே காரணம். 2023 மே மாதம் ஸ்பெயினின் வாலன்சியாவில் ரியல் மாட்ரிட் வீரர் வினிசியஸ் ஜூனியருக்கு நடந்த இனவெறிக் கொடுமைக்காக வாலன்சியா கிளப் மைதானத்தின் ஒரு பார்வையாளர் பகுதியை 5 ஆட்டங்களுக்கு மூட உத்தரவிட்டு, மேல்முறையீட்டில் அதை 3 ஆட்டமாகக் குறைத்தார்கள். ஆனால் அடையாளம் காணப்பட்ட மூன்று ரசிகர்களுக்கு 2024 ஜூனில் 8 மாதச் சிறைத் தண்டனையும் 2 ஆண்டு மைதானத் தடையும் விதித்த தீர்ப்புதான், கூட்டத்தில் மறைந்துகொள்ளலாம் என்ற துணிச்சலை அசைத்தது.

ஆகவே கிளப்பைத் தண்டிக்கலாம்; ஆனால் அந்தத் தண்டனை, கத்தியவரை அடையாளம் காட்டும் கட்டாயத்தைக் கிளப்புக்கு உண்டாக்குவதாக இருக்க வேண்டும். கத்தியவர் யார் என்று 14 நாளில் எழுதிக்கொடுத்து, அவரை மைதானத்துக்குள் விடாமல் தடுக்கும் கிளப்புக்கு எச்சரிக்கை போதும். மூடி மறைக்கும் கிளப் தன் மைதானத்தில் நடக்கும் அடுத்த ஆட்டத்தைப் பார்வையாளர் இல்லாமல் ஆடட்டும். மீண்டும் நடந்தால் மூன்று புள்ளிகளைக் குறையுங்கள். அபராதத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். 2012 ஐரோப்பியக் கோப்பையில், பந்தய நிறுவனத்தின் பெயர் பொறித்த உள்ளாடையைக் காட்டிய நிக்லஸ் பெண்ட்னருக்கு 1,00,000 யூரோ; ரசிகர்களின் இனவெறிக் கோஷம் உள்ளிட்ட குற்றங்களுக்காகக் குரோஷியச் சங்கத்துக்கு 80,000 யூரோ. எது பெரிய குற்றம் என்று அந்த இரண்டு தொகைகளும் ரசிகர்களுக்குச் சொன்ன செய்தி மிகத் தவறானது.

கடைசியாக, புகார் செய்தவரைத் தண்டிக்கக் கூடாது என்று தெளிவாக எழுதிவையுங்கள். 2017 ஏப்ரலில் இத்தாலியின் காலியாரியில் இனவெறிக் கூச்சலைப் பற்றி முறையிட்ட பெஸ்காரா வீரர் சுல்லி முன்டாரிக்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். மனம் வெறுத்து அவர் வெளியேறியதும் ஓர் ஆட்டத் தடையும் வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அது நீக்கப்பட்டது. ஆட்டத்தை நிறுத்துவது, வீரர்களைச் சற்று நேரம் வெளியே அழைத்துச் செல்வது, அப்போதும் அடங்காவிட்டால் கைவிடுவது என்ற மூன்று படி முறையை உங்கள் லீக்கில் ஒற்றை நடுவரே கையாள முடியும். மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்துக் காட்டும் சைகையை ஃபிஃபா 2024இல் இதற்காகவே அறிமுகப்படுத்தியது. அதைப் பருவத் தொடக்கத்திலேயே எல்லா அணித்தலைவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். அப்படிக் கைவிடப்பட்ட ஆட்டத்தில், இழிவுபடுத்தப்பட்ட வீரரின் அணி தோற்றதாக அறிவிக்கப்படாது என்ற வரியும் விதியில் இருக்கட்டும்.