சாகப் போகிறவனுக்கு 12 ரூபிள் கவலை

ருஷ்யக் கதைகளில் சாவைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

கேள்வி: 'இவான் இலியீச்சின் மரணம்' எடுத்தேன். முதல் பக்கத்திலேயே ஆள் போய்விட்டார். அப்புறம் என்ன இருக்கிறது, சார்?

பதில்: அங்கேதான் டால்ஸ்டாயின் குறும்பு. 1886இல் வந்த கதை. சாவுச் செய்தி கேட்டதும் சக நீதிபதிகள் போடும் கணக்கு, காலியான பதவி யாருக்கு என்பது. அடுத்து, 'செத்தது அவன், நான் இல்லை' என்ற நிம்மதி. துக்கம் கேட்கப் போன நண்பர் உட்காரும் தாழ்வான மெத்தை இருக்கையைப் பாருங்கள். ஸ்பிரிங் கெட்டது. விதவையின் கறுப்புச் சால்வை மேஜை விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. எடுத்துவிட இவர் எழுந்தால் ஸ்பிரிங் பின்னாலிருந்து முட்டுகிறது. அவள் அழுகிறாள், இவர் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுகிறார். எழவு வீட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும்.

கேள்வி: நோயாளியின் மனசு?

பதில்: 'ஆபத்தா, இல்லையா?' என்பதே அவர் கேள்வி. டாக்டருக்கோ மிதக்கும் சிறுநீரகமா, குடல்வாலா என்ற விவாதம்தான் முக்கியம். குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களைத் தானும் இப்படித்தானே நடத்தினோம் என்பது அவருக்கு உறைக்கிறது. பள்ளியில் படித்த தர்க்கப் பாடமும் வருகிறது: கேயஸ் மனிதன், மனிதர் சாவர், ஆகவே கேயஸ் சாவான். கேயஸுக்குச் சரி. கோடு போட்ட தோல்பந்தின் வாசனையை நேசித்த சின்ன வான்யாவுக்கு, அதாவது சிறுவயது இவானுக்கு, அது எப்படிப் பொருந்தும்?

கேள்வி: வேலைக்காரன் கெராசிம் மட்டும் அவ்வளவு நல்லவனா? ஏழையைப் புனிதராக்குகிற வேலை.

பதில்: எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஆனால் எஜமானரின் கால்களைத் தோளில் தாங்கியபடி இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறானே, அந்தக் காட்சி காப்பாற்றிவிடுகிறது.

கேள்வி: தஸ்தயேவ்ஸ்கி?

பதில்: அவர் தானே பட்டு அனுபவித்து எழுதியவர். 1849 டிசம்பர் 22, பீட்டர்ஸ்பர்க் செம்யோனவ் மைதானம். மரண தண்டனை. சுடுவதற்கு முதல் மூவரைக் கம்பத்தில் கட்டியாயிற்று, இவர் அடுத்த வரிசை. கடைசி நொடியில் தண்டனை கடுங்காவலாக மாறியது. அவருடைய 'அசடன்' நாவலில் நாயகன் மிஷ்கின் சொல்லும் மரண தண்டனைக் கைதிக்கு ஐந்து நிமிடம் மிச்சம். நண்பர்களிடம் விடைபெற இரண்டு, தன்னைப் பற்றி யோசிக்க இரண்டு, மீதி சுற்றிலும் பார்க்க என்று பங்கு போடுகிறான். விடைபெறும்போது ஒருவனிடம் சம்பந்தமே இல்லாத ஏதோ கேட்டு, பதிலையும் ஆர்வமாகக் கேட்டுக்கொள்கிறான். சும்மா உட்கார்ந்து யோசித்தால் இது வராது.

கேள்வி: நேரமில்லை. ஒரே ஒரு காட்சி சொல்லுங்கள்.

பதில்: டால்ஸ்டாய் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தபோது, 1855இல் எழுதிய செவஸ்தபோல் கதை. கிரிமியப் போரில் முற்றுகையிடப்பட்ட நகரம் அது. பக்கத்தில் குண்டு விழுந்து சுழல்கிறது. பிரஸ்கூஹின் என்ற அதிகாரிக்கு அந்த நொடியில் பக்கத்திலிருக்கும் இன்னொரு அதிகாரி மிகைலவுக்குத் தரவேண்டிய 12 ரூபிள் ஞாபகம் வருகிறது, காதலித்தவளின் ஊதா ரிப்பன் தொப்பியும் வருகிறது. குண்டு வெடிக்கிறது. 'அப்பாடா, அடி மட்டும்தான்' என்று நினைத்து, கடந்து ஓடும் சிப்பாய்களை எண்ணுகிறான். நெஞ்சில் சில்லு பாய்ந்து அங்கேயே செத்தான். 'செத்தேன்' என்று முடிவுகட்டிய மிகைலவுக்குத் தலையில் கல் பட்ட சின்னக் காயம்.