'போர்', 'பாரா' குழப்பமா? லத்தீன்ல இருந்து பிடிங்க

ஸ்பானிஷ் கத்துக்கற ஒருத்தர் கேட்டிருக்காங்க: 'போர்', 'பாரா' ரெண்டுக்குமே புக்குல "க்காக"ன்னுதான் போட்டிருக்கு, எப்ப எது போடறது, ரூல் லிஸ்ட் மனப்பாடம் பண்ணியும் நிக்க மாட்டேங்குதுன்னு.

லிஸ்ட்ட விட்டுருங்க, இந்த சொல்லுங்க எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா பாதி பிரச்சனை தீர்ந்துடும். லத்தீன்ல 'பெர்'னா வழியா, ஊடா. 'ப்ரோ'ன்னா சார்பா, பதிலா. பிரெஞ்சுல இது ரெண்டும் 'பார்', 'பூர்'னு தனித்தனியாவே இருக்கு, ஸ்பானிஷ்ல ஒண்ணா கலந்து 'போர்' ஆயிடுச்சு. அதனாலதான் பார்க் வழியா போனாலும் 'போர்', ஒருத்தருக்கு பதிலா போனாலும் 'போர்', செர்வான்தெஸ்ங்கற எழுத்தாளரால எழுதப்பட்டதுன்னு சொல்லவும் 'போர்'.

'பாரா' அப்புறம் வந்தது. 'ப்ரோ'வோட 'அத்' சேர்ந்தது, 'அத்'னா ஒரு இலக்க நோக்கி. 1200 வாக்குல வந்த 'எல் சித்'ங்கற பழைய ஸ்பானிஷ் காவியத்துல இது 'போரா'ன்னே இருக்கும், அப்புறம்தான் 'பாரா' ஆச்சு. அந்த 'அத்' உள்ள இருக்கறதால 'பாரா' எப்பவும் முன்னாடி இருக்கற ஒண்ணப் பாத்துதான் நிக்கும், போற ஊரு, கெடு தேதி, வாங்கிக்கற ஆளு, செய்யற நோக்கம்.

நமக்கு இதுல ஒரு வசதி இருக்கு, புக்குல இருக்கற "க்காக"வ மறந்துட்டு வெறும் "க்கு" போட்டுப் பாருங்க. மாட்ரிட்டுக்கு கிளம்பறேன், நாளைக்கு வேணும், அம்மாவுக்கு இந்த கிஃப்ட், கத்துக்கறதுக்கு படிக்கறேன், நாலுமே 'பாரா'.

ஆனா இத கண்ண மூடிட்டு நம்பாதீங்க, மூணு இடத்துல "க்கு" வந்தும் 'போர்'தான். வாரத்துக்கு மூணு தடவ, இது பழைய 'பெர்', நூத்துக்கு இத்தனைன்னு சொல்ற 'போர் சியென்தோ'வும் இதே கணக்குதான். புக்குக்கு பத்து யூரோ குடுத்தேன், இது 'ப்ரோ', ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணு. வந்ததுக்கு நன்றி, 'கிராஸியாஸ் போர் வெனீர்', வந்தாச்சு, அது காரணம், இலக்கு இல்ல. இந்த கடைசி ஒண்ணுல 'பாரா' போடறவங்கதான் நிறைய.

'த்ரபாஹோ போர் மி எர்மானோ'ன்னா அண்ணனுக்கு பதிலா நான் வேலை பாக்கறேன், இல்லன்னா அண்ணன நெனச்சு உழைக்கறேன். அங்கயே 'பாரா' போட்டா அண்ணன்தான் முதலாளி. இந்த ஜோடிய வாய்விட்டு நாலு தடவ சொல்லிப் பாருங்க.