கூட்டுக் கண்காட்சி விசா வாங்கித் தருமா?

கேள்வி: என் தங்கை நியூயார்க்கில் ஓவியத்தில் முதுகலை முடித்துவிட்டு ஓபிடியில் (படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்கள் அங்கே கொஞ்ச காலம் வேலை பார்க்கத் தரும் அனுமதி) இருக்கிறாள். இன்னும் ஏழு மாதம்தான் பாக்கி. வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த எட்டு ஓவியர்களோடு சேர்ந்து ஒரு கண்காட்சி நடத்தி, அதை வைத்து ஓ-1 விசா (தனித்திறமை உள்ளவர்களுக்கான அமெரிக்கத் தற்காலிக வேலை விசா) வாங்கிவிடலாம் என்கிறாள். எர்ணாகுளம் தர்பார் ஹால் கண்காட்சியில் பங்கெடுத்தபோது வந்த பத்திரிகைச் செய்திகளையும் அனுப்பச் சொல்கிறாள். இது நடக்கிற காரியமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: நடக்கலாம். ஆனால் கண்காட்சியில் படம் மாட்டியதற்காக மட்டும் யாரும் ஓ-1 தருவதில்லை. கலைஞர்களுக்கான ஓ-1பி பிரிவில், பெரிய விருது எதுவும் இல்லாதவர்கள் ஆறு வகைச் சான்றுகளில் மூன்றையாவது காட்ட வேண்டும். 'படைப்புகள் கண்காட்சியில் வைக்கப்பட்டன' என்பது அந்த ஆறில் கிடையாது. அது ஈபி-1ஏ என்ற, தனித்திறமை உள்ளவர்கள் நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டுக்குக் கேட்கும் பத்து வகைச் சான்றுகளில் ஒன்று. பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஓ-1பியில் பார்ப்பது, பெயர் பெற்ற நிகழ்ச்சியில் முதன்மைப் பங்கு இருந்ததா, விமர்சகர்கள் எழுதினார்களா என்பதை. ஒன்பது பேரில் ஒருத்தியாக நின்றால் முதன்மைப் பங்கு என்று வாதாடுவது கஷ்டம். படங்களைத் தேர்ந்தெடுத்துத் தொகுப்பவர் உங்கள் தங்கைதான் என்றால், அது கேட்லாக்கிலேயே அச்சாகட்டும். கேலரியின் கடிதத்திலும் இருக்கட்டும். ஒன்பது பேரும் பணம் போட்டுச் சுவரை வாடகைக்குப் பிடிக்கிறார்களா? அது மண்டபம் பிடித்துக் காதுகுத்து வைக்கிற மாதிரி. என்னைக் கேட்டால் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

அப்புறம், ஓ-1க்கு அவரே மனு போட முடியாது. அமெரிக்காவில் உள்ள நிறுவனமோ ஏஜென்ட்டோ ஐ-129 படிவத்தில் போட வேண்டும். அதற்கு இனிமேல் நடக்கப்போகிற வேலைகளின் ஒப்பந்தங்கள் வேண்டும். அதனால் இந்தக் கண்காட்சியோடு நிற்காமல், அடுத்தடுத்த அழைப்புகளையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். முதல் தடவை அதிகபட்சம் 3 ஆண்டு கிடைக்கும். ஓவியப் படிப்புக்கு ஓபிடியை 24 மாதம் நீட்டிக்கும் வசதி இல்லை; வக்கீலை இப்போதே பார்ப்பது நல்லது.

இனி உங்கள் வேலை. தர்பார் ஹால் கேரள லலிதகலா அகாதமியுடையது என்பதால் அந்தச் செய்திகளுக்கு மதிப்புண்டு. செய்தியை மட்டும் கத்தரித்து அனுப்பாதீர்கள். ஒருவர் கொண்டுவந்த ஆல்பத்தில் எல்லாம் அழகாக ஒட்டியிருந்தது. தேதியும் எழுதியவர் பெயரும் கத்தரியோடு போயிருந்தன. பழைய இதழைத் தேடி எடுக்கவே மூன்று வாரம் ஆயிற்று. பத்திரிகையின் பெயர், தேதி, தலைப்பு, எழுதியவர் பெயர் தெரிய முழுப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்.

மலையாளமோ தமிழோ, முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தவர், தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். நோட்டரி முத்திரை தேவையில்லை. நம் பக்கம் முத்திரை குத்தாவிட்டால் யாருக்கும் மனசு ஆறாது, அது வேறு விஷயம். பேப்பரில் வீட்டுப் பெயரோடும் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு விளக்கக் கடிதம் வையுங்கள்.

அங்கிருந்தபடியே ஓ-1க்கு மாறிவிட்டாலும், ஓணத்துக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வந்தால், திரும்பிப் போகத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் முடிக்க வேண்டும். அதற்கும் நாள் ஒதுக்கித்தான் டிக்கெட் போட வேண்டும்.