நெட்வொர்க்கை மீறிப் போகும் டிஎன்எஸ் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊழியர் தளத்தின் பெயருக்கு அலுவலகத்துக்குள் ஓர் ஐபி முகவரியும் வெளியே வேறொரு முகவரியும் உண்டு. நிறுவனக் கணினிகளில் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ஆனால், சிலர் கொண்டுவரும் சொந்த மடிக்கணினிகளில் ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் வெளிமுகவரிக்கே போகிறது. எதைச் சோதிக்கத் தவறினோம்?

பதில்: இந்தச் சிக்கல் எழவே வாய்ப்பில்லாத கணினிகளில் சோதித்திருக்கிறீர்கள். டிஎன்எஸ் என்பது தளப் பெயருக்கு ஐபி முகவரி தேடும் முறை; அதற்குப் பதில் தரும் சர்வர்தான் ரிசால்வர். மறையாக்க டிஎன்எஸ்ஸில் உலாவி அந்தக் கேள்வியைக் குறியாக்கி, உங்கள் ரிசால்வருக்குப் பதிலாக வெளி ரிசால்வர் ஒன்றுக்கு அனுப்பக்கூடும். நிறுவனக் கொள்கைகள் (நிர்வாகி உலாவிக்கு விதிக்கும் அமைப்புகள்) நிறுவப்பட்ட கணினி என்று கண்டால், அக்கொள்கையே அனுமதித்தாலொழிய ஃபயர்ஃபாக்ஸ் மறையாக்க டிஎன்எஸ்ஸைத் தானாக இயக்காது. குரோமும் அப்படித்தான் ஒதுங்கிக்கொள்ளும். சொந்தக் கணினியில் இந்தத் தடை இல்லை.

கொள்கை இல்லாத கணினிக்காக, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா ஒரு வழி வைத்திருக்கிறது. 'யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ் டாட் நெட்' என்ற பெயரை உங்கள் ரிசால்வரிடம் கேட்கும்போது 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று பதில் வந்தால், ஃபயர்ஃபாக்ஸ் தானாக இயக்கிய மறையாக்கத்தைக் கைவிடும். ஆனால் பயனர் தாமே அமைப்புகளில் அதை இயக்கியிருந்தால் இந்தச் சைகையைப் பொருட்படுத்தாது. அமெரிக்காவில் 2020 பிப்ரவரியில் தானாகவே இயங்கும்படி அமைக்கத் தொடங்கிய இவ்வசதி எல்லா நாடுகளிலும் அப்படித் தானாக இயங்குவதில்லை என்பதால், புதிய ப்ரொஃபைலில் (எந்த அமைப்பும் மாற்றப்படாத ஃபயர்ஃபாக்ஸில்) ஒன்றும் நிகழவில்லை என்பதைக் கொண்டு உங்கள் நெட்வொர்க் தேறிவிட்டதாக முடிவு செய்யாதீர்கள்.

இன்னொரு மயக்கமும் உண்டு. வெளியே இல்லாத, உள்ளே மட்டும் உள்ள பெயரை வைத்துச் சோதித்தால், மறையாக்கப் பாதையில் விடை கிடைக்காதபோது ஃபயர்ஃபாக்ஸ் சாதாரண டிஎன்எஸ்ஸுக்குத் திரும்பிவிடும். பக்கம் திறக்கும், நீங்களும் நிம்மதி அடைவீர்கள். உங்கள் தளத்தைப் போல இருபுறமும் விடை உள்ள பெயரில்தான் குட்டு வெளிப்படும், ஏனெனில் வெளி ரிசால்வர் தரும் பதில் செல்லுபடியானதே. திரும்பிவர உலாவிக்குக் காரணம் இல்லை. 'அதிகபட்சப் பாதுகாப்பு' அமைப்பிலோ இந்தத் திரும்புதலே கிடையாது.

ஆகவே கொள்கை உள்ளது, இல்லாதது, பயனரே மறையாக்கத்தை இயக்கியது என்று மூன்று கணினிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஃபயர்ஃபாக்ஸின் 'அபவுட்:நெட்வொர்க்கிங்' பக்கத்தில் டிஎன்எஸ் கேஷை (சேமித்துவைத்த பழைய விடைகளை) அழித்துவிட்டுத் தளத்தைத் திறந்து, அதே பக்கத்தில் அந்தப் பெயருக்கு எதிரே 'டிஆர்ஆர்' (மறையாக்க ரிசால்வருக்கு ஃபயர்ஃபாக்ஸ் வைத்துள்ள பெயர்) பத்தியில் உள்ளதைப் பாருங்கள். 'ட்ரூ' என்று இருந்தால் கேள்வி உங்கள் ரிசால்வரை எட்டவில்லை. ரிசால்வரின் பதிவேட்டையும் கூடவே பார்ப்பது நல்லது. அங்கே இல்லாத கேள்வி, போர்ட் 443-இல் மற்ற வலைப் போக்குவரத்தோடு கலந்து போயிருக்கும்.

குரோமின் தானியங்கி முறை வேறு ரிசால்வருக்கு மாறுவதில்லை. ஆனால் உங்கள் டிஹெச்சிபி (கணினிகளுக்கு நெட்வொர்க் அமைப்புகளைத் தானாக வழங்கும் சேவை) ஏற்கெனவே ஒரு பொது ரிசால்வரைக் கொடுத்திருந்தால், அந்த ரிசால்வரை நடத்தும் அதே நிறுவனத்தின் மறையாக்கச் சேவைக்குக் குரோம் ஏறக்கூடும். சாதாரண டிஎன்எஸ் செல்லும் போர்ட் 53-ஐ மட்டும் கவனிக்கும் வடிகட்டிக்கு அது தெரியாது.

பிறருடைய மடிக்கணினியில் நீங்கள் கொள்கை வைக்க முடியாது. வெளிமுகவரியில் வருபவர்களையும் தளம் ஏற்குமாறு செய்வதே, ரிசால்வர்களை ஒவ்வொன்றாகத் தடுத்துக்கொண்டிருப்பதைவிட எளிது என்பேன்.