கம்ப்யூட்டர் பார்ப்பதற்கா டாக்டருக்குப் படித்தாள்?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் என் மகள், மெடிசினும் வேண்டாம், சர்ஜரியும் வேண்டாம், நோய்க் கண்காணிப்புத் துறைக்குத்தான் போவேன் என்கிறாள். கம்ப்யூட்டரில் எண்களைப் பார்ப்பதற்கா டாக்டருக்குப் படித்தாள் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தொற்றுநோய்களுக்கென்றே தனி மருத்துவமனை உள்ள பகுதியில் இருந்துகொண்டு உங்கள் உறவினர்கள் இப்படிக் கேட்பது சற்று வியப்பாகத்தான் இருக்கிறது. 1992இல் ஓ139 என்னும் புதிய வகைக் காலராக் கிருமி முதலில் தென்பட்ட ஊர்களில் சென்னையும் ஒன்று.

நம் நாட்டில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004இல் தொடங்கியது. களப்பணியாளர் காணும் அறிகுறி, மருத்துவரின் கணிப்பு, ஆய்வக முடிவு என மூன்று படிவங்கள் அப்போது வாரந்தோறும் மேலே போய்க்கொண்டிருந்தன. 2021 முதல் நாடு முழுவதும் இவை அன்றாடம் இணையத் தளத்தில் பதிவாகின்றன.

ஆனால், வயிற்றுப்போக்கென்று பத்துப் பேர் ஓ.பி.க்கு வந்தால் திரையில் முதலில் கண்ணில் படுவது பத்து என்ற எண்தான். அவர்கள் ஒரே தெருவினரா, ஒரே விருந்தில் சாப்பிட்டவர்களா என்று விசாரித்துப் பட்டியலிட்டு, குழாயில் வரும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்கிறதா என்று சோதித்து, கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று தேடிப் போவதுதான் உண்மையான வேலை. அதற்கு மருத்துவமும் தெரிய வேண்டும், தெருவில் நடக்கவும் வேண்டும். ஓ.பி. சீட்டில் வெறுமனே ‘வியாசர்பாடி’ என்று எழுதியிருந்தால் எந்த மென்பொருளாலும் வரைபடத்தில் புள்ளி வைக்க முடியாது. பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கதவெண்கள் உள்ள நம் தெருக்களில், ஒரு வீட்டுக் காய்ச்சல் இரு வீட்டுக் காய்ச்சலாகப் பதிவாகிவிடவும் கூடும். டிஜிட்டல் சுகாதாரம் என்று பெரிதாகப் பேசுபவர்களில் பலர் இந்தச் சீட்டைப் பார்த்ததேயில்லை என்பது என் எண்ணம்.

சமூக மருத்துவத்தில் எம்.டி. படிக்கலாம், அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தில் இரண்டாண்டுப் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பும் உண்டு. மாநகராட்சி, மாநில அரசு, பன்னாட்டு அமைப்புகள் என வேலைக்கு இடமிருக்கிறது. கிளினிக் வைத்தவரின் வருமானத்தை இதில் எதிர்பார்க்க முடியாது. தொடக்கத்தில் கிடைப்பவற்றில் பல ஒப்பந்தப் பணிகளே. கணினி நிரல் எழுதுவதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம், இப்போதைக்கு எக்செல்லும் புள்ளியியலும் போதும். ஹவுஸ் சர்ஜன் காலத்தில் சமூக மருத்துவப் பணி எப்படியும் வரும். அந்த வாரங்களில் விடுப்பு எடுக்காமல் களப்பணியாளர்களுடன் வீடு வீடாகப் போய்வரச் சொல்லுங்கள். அதன் பிறகும் அவள் மனம் மாறவில்லை என்றால், நீங்கள் தடுக்க வேண்டாம்.