கடல் கேள்விகள், மலை வாசகர்கள்: மாலத்தீவின் பவளப்பாறை அலையைப் படிப்பது எப்படி?

மாலத்தீவு விடுதிகளுக்கு வேலைக்குச் சென்ற பிள்ளைகளின் பெற்றோரும், விடுமுறையில் அலைச்சறுக்குப் பழகக் கிளம்பும் இளைஞர்களும் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

என் மகன் வடக்கு மாலே தீவுக்கூட்டத்தில் ஒரு விடுதியில் வேலை பார்க்கிறான். லீவு நாளில் சர்ஃபிங் போகிறான். ‘நாளைக்கு நல்ல அலை அம்மா’ என்று போனில் ஒரு படம் அனுப்பினான். அதில் ‘1.5 மீட்டர், 15 விநாடி, தென் தென்மேற்கு. காற்று மேற்கு, 14 நாட்’ என்று இருந்தது. ஒன்றரை மீட்டர் என்றால் ஆள் தோள் உயரம்தானே? பயப்பட ஒன்றும் இல்லையே?
– வாசகி, கோத்தகிரி

உயரத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள் அம்மா. அந்த வரியில் முதலில் பார்க்க வேண்டியது 15 விநாடி.

ஒரு முகடு ஓர் இடத்தைக் கடந்தபின் அடுத்த முகடு வந்து சேர ஆகும் நேரம் அது. விநாடியை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 1.56-ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 8 விநாடி அலைக்கு நீளம் 100 மீட்டர்; 15 விநாடி அலைக்கு 350 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வரை தண்ணீரை அசைக்கும். அதாவது உங்கள் மகன் பார்க்கப்போகும் அலை மேற்பரப்பிலிருந்து 175 மீட்டர் ஆழம் வரை நீரை அசைத்துக்கொண்டு வருகிறது. மணல் கரையாக இருந்தால் நீண்ட சரிவில் உரசி உரசிக் கொஞ்சம் பலம் இழந்திருக்கும். மாலத்தீவில் பவளப்பாறை விளிம்பு ஆழ்கடலிலிருந்து நேராக எழுகிறது. அலை பலம் குறையாமல் வந்து அந்த விளிம்பில் ஏறி, சட்டென நிமிர்ந்து, உள்ளே குழல் விழும்படி உடைகிறது. நேர் எதிரே நிற்கும் பாறையில் 1.5 மீட்டர், 8 விநாடி அலை உடையும்போது ஏறக்குறைய 2 மீட்டர் இருக்கும். அதே 1.5 மீட்டர் 15 விநாடியில் வந்தால் 2.5 மீட்டரைத் தொடும்.

இன்னொன்று: முன்னறிவிப்பில் போடும் உயரம், வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஒரு காலைப் பொழுதுக்குள் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்றிரண்டு வருவது இயல்பு. நீண்ட விநாடி அலைகள் தொகுதியாகத்தான் வரும். பத்து நிமிடம், கால் மணி நேரம் கடல் சும்மா இருக்கும். பிறகு நாலைந்து பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சும்மா இருந்த நேரத்தில் இறங்கியவர்தான் மாட்டிக்கொள்வார்.

இனி நல்ல செய்தி. வடக்கு மாலேயில் பேர்போன அலையிடங்களான சுல்தான்ஸ், ஹோங்கிஸ், ஜெயில்பிரேக்ஸ், கோக்ஸ், சிக்கன்ஸ், லோஹிஸ் எல்லாம் தீவுக்கூட்டத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கின்றன. தென் தென்மேற்கிலிருந்து வரும் அலை வளைந்து திரும்பித்தான் அங்கே சேர வேண்டும்; வளையும்போது உயரம் குறையும். அதே 1.5 மீட்டர் தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வந்தால் பெரிதாக இருக்கும். 14 நாட் மேற்குக் காற்று என்பது மணிக்கு 26 கிலோமீட்டர். கிழக்கு விளிம்பில் அது தீவுப் பக்கமிருந்து கடலை நோக்கி வீசும். அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்துச் சுத்தமாக நிற்க வைக்கும். ‘நல்ல அலை’ என்று மகன் சொன்னது சரிதான்.

ஆனால் யாருக்கு நல்ல அலை? ஓரிரண்டு ஆண்டு பழகியவருக்கு. புதியவர் என்றால் 1 மீட்டருக்குக் கீழே, 10, 11 விநாடி வரும் நாளுக்குக் காத்திருக்கட்டும். யாரோடு போகிறான், கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு, கால்கயிறு (பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு) எப்போது மாற்றியது என்று மூன்று கேள்வி போனில் கேளுங்கள். மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஜூன், ஜூலையில் எங்கள் ஊரில் குடையே நிற்காது. அதே தென்மேற்குப் பருவமழைதானே மாலத்தீவிலும்? அந்த மாதங்களில் சர்ஃபிங் போகிறார்கள் என்பது எப்படி?
– வாசகர், கூடலூர்

கூடலூரும் தேவாலாவும் நனைந்துகொண்டிருக்கும் அதே நாளில் கோத்தகிரியில் துணி காய்கிறது. காற்று ஒன்றுதான், மலையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதுதான் வேறு. மாலத்தீவில் மேகத்தைத் தடுக்க மலை கிடையாது. மழை இரண்டு பக்கமும் பெய்யும். அலையின் விஷயத்தில் மட்டும் இந்தப் பக்கக் கணக்கு அப்படியே பொருந்தும். மேற்கு விளிம்பில் காற்று கடலிலிருந்து பாறையை நோக்கி அடித்து அலையைக் கலைக்கும். கிழக்கு விளிம்பில் அதே காற்று அலையைச் சீராக்கும்.

அலை பிறக்கும் இடமும் பருவக்காற்று அல்ல. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென் அரைக்கோளத்தில் குளிர்காலம். தெற்கே 40 டிகிரிக்கும் அப்பால் புயல்கள் வரிசையாகக் கிளம்பும். அவை எழுப்பும் அலை இந்தியப் பெருங்கடலைக் கடந்து மாலத்தீவுக்கு வருகிறது. ஆக, அலை தெற்கின் புயலிலிருந்து, காற்று நம் பருவமழையிலிருந்து. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

கூடலூர் மழையை வைத்து மாலத்தீவு வானிலையை ஊகிக்க வேண்டாம். வங்கக் கடலின் வடபகுதியில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போது அரபிக்கடலின் மேற்குக் காற்று பலமாகி நம் மலையில் மோதும். 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் பெய்தது அப்படியொரு வாரத்தில்தான். அந்தக் காற்றோட்டத்தின் நடுப்பகுதி அப்போது தீபகற்பத்தின் மேல் இருக்கும். 4 டிகிரி அட்சரேகையில் உள்ள மாலே அதன் தெற்கு ஓரம். பருவமழை ஓய்வெடுக்கும் நாட்களில் இந்தக் காற்றோட்டம் தெற்கே இறங்கி, தென்முனைக்கும் இலங்கைக்கும் கீழே ஓடுவது உண்டு. கூடலூரில் வெயில் அடிக்கும் அந்த வாரத்தில் மாலே பக்கம் காற்று கூடிவிடலாம்.

மாதவாரியாகச் சொன்னால்: மார்ச், ஏப்ரலில் காற்று குறைவு, அலை நடுத்தரம், பழகுகிறவர்களுக்கு உகந்த காலம். மே முதல் ஆகஸ்ட் வரை அலை பெரிது, இடையிடையே திடீர்ச் சூறைமழை. செப்டம்பர், அக்டோபரில் அலை இன்னும் இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று; கடல் நீலமாக, படத்துக்கு அழகாக இருக்கும், அலை சிறுத்துவிடும். பயண ஏஜென்டுகள் ‘நல்ல சீசன்’ என்று விற்பது பெரும்பாலும் இந்தக் கடைசிக் காலத்தைத்தான். சர்ஃபிங்குக்குப் போகிறவர் அதைக் கேட்டு டிக்கெட் போடக்கூடாது.

எத்தனை நாளுக்கு முன் போட்ட அறிவிப்பை நம்பலாம்?
– வாசகர், உதகை

அலையை ஒரு வாரம் முன்பே ஓரளவு நம்பலாம். காரணம், அது ஏற்கெனவே வழியில் இருக்கிறது. 15 விநாடி அலைக்கூட்டம் மணிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் நகரும். தென்கடலின் புயலிலிருந்து மாலேக்கு ஐந்தாறு நாள். விநாடி கூடக் கூட வேகமும் கூடும் என்பதால், முதலில் வந்து சேர்வது 18, 20 விநாடி அலை. உயரம் அரை மீட்டர்கூட இருக்காது. அறிவிப்பில் அப்படியொரு வரி தெரிந்தால் ஒன்றிரண்டு நாளில் பெரியது பின்னால் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்கு மூன்று நாள். சூறைமழைக்கு முதல் நாள் அறிவிப்புகூடப் போதாது. கருமேகத்தின் அடியில் தண்ணீர் கறுத்துச் சுருங்கி வருவதைக் கண்ணால் பார்த்தால், அலையிடத்துக்குக் கூட்டிவந்த தோணியில் ஏறிவிட வேண்டும். காற்று பத்து நிமிடத்தில் திசை மாறும்.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கன்னியாகுமரிப் பக்கம் போகிறோம். காற்றும் இல்லை, மழையும் இல்லை. ‘கள்ளக்கடல் எச்சரிக்கை’ என்கிறார்கள். வெயில் அடிக்கும்போது எதற்கு எச்சரிக்கை?
– வாசகி, கொடைக்கானல்

வெயில் அடிப்பதால்தான் அந்த எச்சரிக்கை அவ்வளவு முக்கியம். மேலே சொன்ன அதே தென்கடல் அலைதான் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் வந்து ஏறுகிறது; அதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். உள்ளூரில் எந்த அறிகுறியும் இருக்காது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான்.

ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கையை வெளியிடுகிறது. கிளம்பும் முன் கட்டாயம் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் கால் நனைக்கக்கூட வேண்டாம். இல்லாத நாளிலும் கரைக்குப் போனதும் இருபது நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். மணலில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகள் அந்தக் கோட்டுக்கு மேலேயே விளையாடட்டும். கடலுக்கு முதுகு காட்டிப் போட்டோ எடுக்காதீர்கள். பாறைமேல் ஏறி நிற்பது அதைவிட மோசம். தொகுதியின் முதல் அலை பாறையை நனைக்கும், மூன்றாவது ஆளை இழுத்துப்போகும்.

பவளப்பாறை கிழித்த காயம் ஆறவே ஆறாது என்கிறார்களே, உண்மையா? மணலில் பழகிவிட்டு முதல்முறை பாறைக்குப் போகும் எனக்கு என்ன சொல்வீர்கள்?
– வாசகர், குன்னூர்

ஒழுங்காகக் கழுவினால் ஆறும். ஆறாததற்குக் காரணம் உள்ளே தங்கிவிடும் சுண்ணாம்புத் துகளும் கடல்நீர்க் கிருமியும். முதலில் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். பிறகு குடிக்கிற தண்ணீராலும் சோப்பாலும் பல நிமிடங்கள் கழுவுங்கள். சுத்தமான காஸ் துணியால் மெல்லத் தேய்த்து, கண்ணில் படும் துகளைக் கொதிநீரில் போட்டெடுத்த இடுக்கியால் எடுங்கள். அதன்பின் போவிடோன் அயோடின், மேலே கட்டு. தினமும் மாற்ற வேண்டும். எலுமிச்சம்பழம் தேய்க்கும் பழக்கம் அங்கே உண்டு. எரியும், ஆனால் சோப்பும் தண்ணீரும் செய்கிற வேலையை அது செய்யாது. நம் வீடுகளைப்போல மஞ்சள்தூள் அப்பவும் வேண்டாம். துகள் போயிற்றா என்று பார்க்க முடியாமல் போகும். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு பரவினாலோ, சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டர். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

காயம் படாமல் இருக்க நேரம் முக்கியம். மாலத்தீவில் கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். இவ்வளவுதானா என்று அலட்சியம் வேண்டாம். பாறைமேல் நிற்பதே இடுப்பளவுத் தண்ணீர் என்றால் அரை மீட்டர் இறங்குவது பெரிய விஷயம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறக்கம் மிக ஆழமாகப் போகும். முதல்முறை போகிறவர் ஏற்றத்தின் உச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னுமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தின் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்.

விழும்போது தலைகீழாகப் பாயாதீர்கள். கை கால் பரப்பி மேலாகவே விழுங்கள். மேலே வரும்போது இரண்டு கைகளும் தலையைச் சுற்றி இருக்கட்டும். காலை ஊன்றி நிற்கத் தேடாதீர்கள். காலும் கிழியும், வளர ஆண்டுக்கணக்கு எடுக்கும் பவளமும் உடையும்.

கால்கயிறு பலகையின் நீளமே இருக்கட்டும்: 6 அடிப் பலகைக்கு 6 அடி. காலில் சுற்றும் ஒட்டுப்பட்டி தளர்ந்திருக்கிறதா, கயிறு முறுக்காமல் காக்கும் சுழலி உப்பேறி இறுகியிருக்கிறதா, கயிற்றில் வெட்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கால்கயிற்றைப் பலகையோடு சேர்க்க வால்பக்கக் குழியில் கட்டும் சிறு நூல் பலகையின் ஓரத்தைத் தாண்டி நீண்டால், ஒரு பெரிய இழுப்பில் அது ஓரத்தை அறுத்துவிடும், குட்டையாகக் கட்டுங்கள்.

அங்கே நீரோட்டம் இழுத்துப்போகுமாமே?
– வாசகர், கூக்கல்தொரை

இழுக்கும். தீவுகளுக்கு இடையே உள்ள கால்வாய்களில் தென்மேற்குப் பருவத்தில் நீர் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். கிழக்கு விளிம்பு அலையிடங்கள் பல இந்தக் கால்வாய் வாயை ஒட்டியே இருப்பதால், ஓட்டம் உங்களை வெளிக்கடலுக்குத் தள்ளும். இறங்கும் முன் இரண்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: தீவில் ஒரு தென்னை, அதன் பின்னால் ஒரு கூரையோ கோபுரமோ. இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும்வரை நீங்கள் இடத்தில் இருக்கிறீர்கள். விலகத் தொடங்கிவிட்டால் ஓட்டத்தை எதிர்த்துக் கையால் துழாவாதீர்கள். குறுக்கே, அலை உடையும் பாறைப் பக்கமாகப் போங்கள். முடியவில்லை என்றால் பலகைமேல் உட்கார்ந்து ஒரு கையை உயர்த்தி அசைத்துக் காட்டுங்கள். தோணிக்காரருக்கு அது தெரியும். எந்த நிலையிலும் பலகையை விட்டு நீந்தப் பார்க்காதீர்கள்.