தாத்தாவின் பரணில் ஈட்டி, துப்பாக்கி, மான்கொம்பு: எதை வைத்துக்கொள்ளலாம்?

கேள்வி: நாங்கள் ஜவ்வாது மலையைச் சேர்ந்த மலையாளி பழங்குடிக் குடும்பம். இரண்டு வாரத்துக்கு முன் தாத்தா காலமானார். வீட்டுக்கு ஓடு மாற்றும்போது பரணைக் காலி செய்தோம். ஒரு ஈட்டி, ஒரு உண்டிவில், பழைய வலை, சில கம்பிச் சுருக்குகள், ஒரு நாட்டுத் துப்பாக்கி, ஒரு ஜோடி மான்கொம்பு எல்லாம் இருந்தன. இவற்றை வைத்திருப்பது குற்றமா? பழங்குடியினருக்கு வேட்டை உரிமை உண்டு என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள், அது உண்மையா? காட்டுப்பன்றி எங்கள் சாமைக் கொல்லையை நாசம் செய்கிறது. ஈட்டியோடு காவலுக்குப் போகலாமா?

பதில்: முதலில் ஒரு காரியம். இதைப் படித்து முடிக்கும்வரை அந்தத் துப்பாக்கியை யாரும் தொட வேண்டாம். துடைக்க வேண்டாம், குதிரையை இழுத்துப் பார்க்க வேண்டாம். மருந்து கெட்டித்தபடியே வருஷக்கணக்காகப் பரணில் கிடக்கும் துப்பாக்கிகள் உண்டு. துருப்பிடித்திருக்கிறது என்பதால் அது வெடிக்காது என்று நினைக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் அந்த அறையைப் பூட்டிவிடுங்கள்.

நீங்கள் ஒரே மூச்சில் ஆறு பொருளைச் சொல்லிவிட்டீர்கள். சட்டம் அவற்றை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. துப்பாக்கி 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் வருகிறது. மான்கொம்பு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. ஈட்டியும் உண்டிவில்லும் வீட்டுக்குள் இருக்கும்வரை ஒரு கதை, காட்டுக்குள் போனால் வேறு கதை. பார்த்தால் பயமுறுத்துவது ஈட்டிதான். ஆனால் உங்களை நிஜமாகவே சிக்கலில் விடக்கூடியவை துப்பாக்கியும், சுவருக்கு அழகாக இருக்கிறதே என்று நீங்கள் நினைத்திருக்கக்கூடிய அந்தக் கொம்பும்தான்.

துப்பாக்கியிலிருந்து தொடங்குவோம். எந்த வகைத் துப்பாக்கியாக இருந்தாலும் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. கொல்லன் பட்டறையில் செய்ததா, கம்பெனியில் செய்ததா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது, உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனையைக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு என்று உயர்த்திவிட்டார்கள். 'தாத்தாவுடையது, எனக்குத் தெரியாது' என்பது இன்று காலைவரை உண்மையாக இருந்திருக்கலாம். பார்த்துவிட்ட பிறகு அதைச் சொல்ல முடியாது.

அதற்காகப் பதறவும் வேண்டாம். தாத்தாவின் பழைய காகிதங்களை முதலில் தேடுங்கள். நிலப் பட்டா, ரேஷன் அட்டை, வரி ரசீது வைத்திருந்த டிரங்குப் பெட்டியில்தான் பெரும்பாலும் இருக்கும். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்க் காவலுக்காக வைத்துக்கொள்ள உரிமம் தர ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவிலேயே இடம் உண்டு. தாத்தாவிடம் அப்படி ஓர் உரிமம் இருந்திருக்கலாம். இருந்தாலும் அது அவர் பெயருக்கானது; அவரோடு முடிந்துவிட்டது. உரிமதாரர் இறந்தபின் துப்பாக்கியைத் தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

காகிதமே இல்லை என்றால்? அப்போதும் ஒப்படைப்பதுதான் வழி, ஆனால் ஒரு வழக்கறிஞர் மூலமாகச் செய்யுங்கள். பட்டியல் பழங்குடியினர் என்பதால் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள். மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கியைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல்துறை அவ்வப்போது அறிவிப்பது உண்டு. அப்படி ஓர் அறிவிப்பு இப்போது நடப்பில் இருக்கிறதா என்று வழக்கறிஞர் விசாரித்துச் சொல்லட்டும். துப்பாக்கியை நீங்களே சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள். வழியில் சோதனையில் சிக்கினால், 'ஒப்படைக்கத்தான் போகிறேன்' என்பதை நம்ப வைப்பது பெரும்பாடு. காவலர்களை வீட்டுக்கு வரச் சொல்லி, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். கிணற்றில் போடுவது, காட்டில் புதைப்பது என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளிடம் மேற்கொண்டு எதையும் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுடவே முடியாத அளவுக்குக் கெட்டுப்போன, பழுது பார்த்தாலும் பயன்படாத பழைய துப்பாக்கிக்குச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் 'பயன்படாது' என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள் அல்ல, ஆயுத நிபுணர். அந்த விலக்கை நம்பி வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

அடுத்து மான்கொம்பு. வன உயிரினச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு ஒரு வினோதமான பிரிவு. பொதுவாகக் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. இங்கே தலைகீழ். கொம்பு, தோல், இறைச்சி போன்றவை உங்கள் கைவசம் இருந்தது உறுதியானால், அது சட்டவிரோதமாக வந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். மான் தானாக உதிர்த்த கொம்பு, யாரும் கொல்லவில்லை என்ற வாதமும் பெரிதாக உதவாது. காட்டில் செத்துக் கிடக்கும் விலங்குகூட 39-ஆம் பிரிவுப்படி அரசின் சொத்து. அப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும்.

கொம்பை வைத்துக்கொள்ள வனத்துறை தந்த உடைமைச் சான்றிதழ் தாத்தாவின் பெயரில் இருந்தால் நிலைமை நன்றாகவே மாறும். சான்றுள்ள பொருள் வாரிசு வழியாக வந்தால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். வேண்டாம் என்றால், 2022 திருத்தத்தில் சேர்த்த 42-ஏ பிரிவின்படி 7 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்படைத்துவிடலாம். பணம் எதுவும் தர மாட்டார்கள். சான்றிதழ் இல்லை என்றால் துப்பாக்கிக்கு வரும் அதே வழக்கறிஞரை வைத்து, இறப்புச் சான்றிதழ் நகலோடு, எப்போது எப்படிக் கிடைத்தது என்று எழுதி வனச்சரகரிடம் கொடுங்கள். கொம்பைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது, யாருக்காவது அன்பளிப்பாகக் கொடுப்பது, விலை விசாரிப்பது எதுவும் வேண்டாம். விலை விசாரித்தாலே அது வியாபாரக் கதையாகிவிடும்.

சரி, ஈட்டி. ஆயுத விதிகளின் பட்டியலில் ஈட்டியும் வாளும் 'துப்பாக்கி அல்லாத ஆயுதங்கள்' என்ற ஐந்தாம் வகையில் வருகின்றன. கத்தி போன்றவற்றுக்கு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்று அளவும் இருக்கிறது. அரிவாள், கோடரி மாதிரி வீட்டுக்கும் விவசாயத்துக்குமானவை இதில் சேராது. இந்த வகை ஆயுதங்களை வைத்திருக்க, மத்திய அரசு 4-ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கை செய்த பகுதிகளில் மட்டுமே உரிமம் தேவை. அதனால் உங்கள் தாத்தாவின் ஈட்டி வீட்டுச் சுவரில் இருப்பது பொதுவாகக் குற்றமாகாது. உண்டிவில்லும் அப்படியே. தடையுத்தரவு போட்டிருக்கும் நேரத்தில் தெருவில் எடுத்துப் போனால் மட்டும் சிக்கல். 144 என்று நாம் பழகிய அந்த உத்தரவு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163-ஆம் பிரிவு.

ஆனால் வன உயிரினச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்கு ஒரு தனி அகராதியே இருக்கிறது. துப்பாக்கி, வெடிமருந்து மட்டுமல்ல. வில், அம்பு, கத்தி, தூண்டில் முள், வலை, கண்ணி, பொறி, விஷம் எல்லாமே ஆயுதம். விலங்கைக் காயப்படுத்தவோ ஏமாற்றி வரவழைக்கவோ உதவும் எந்தக் கருவியும் அதில் அடங்கும். முன் அனுமதி இல்லாமல் இவற்றில் எதையும் சரணாலயத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது 31-ஆம் பிரிவு. சரணாலயம் இல்லாத காப்புக்காட்டிலும் வேட்டையையும் கண்ணி வைப்பதையும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தேனெடுக்கவும் கிழங்கு தோண்டவும் போகும்போது தேவையான கத்தியும் கடப்பாரையும் போதும். உண்டிவில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

நார்க்கயிற்றில் கையால் பின்னிய பழைய வலை ஒரு கைவேலை, அதை வைத்துக்கொள்ளலாம். கம்பிச் சுருக்குகளை அப்படிச் சொல்ல முடியாது. பைக் கிளட்ச் ஒயரில் போட்ட சுருக்கு எந்தப் பாட்டன் காலத்திலும் இல்லை. முயலுக்கு வைத்தால் சிறுத்தையும் மாட்டும். வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, மற்றவற்றை ஒப்படைக்கும்போதே கணக்குக் காட்டிக் கழித்துவிடுங்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி: பழங்குடிக்கு வேட்டை உரிமை உண்டா? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைத்தான் ஊரில் சொல்லியிருப்பார்கள். அந்தச் சட்டம் நிஜமாகவே பெரிய சட்டம். உழும் நிலத்துக்கு உரிமை, தேன், மெழுகு, கிழங்கு, மூங்கில் போன்ற சிறு வன விளைபொருளை எடுக்கவும் விற்கவும் உரிமை, மேய்ச்சல், மீன், பாரம்பரிய அறிவு எல்லாம் தருகிறது. இவற்றோடு, வழிவழியாக அனுபவித்துவரும் மற்ற எந்த மரபுரிமையும் உண்டு என்று 3-ஆம் பிரிவு கைவிரித்துக் கொடுத்துவிட்டு, அதே வரியில் வேட்டையாடுவதையும் பொறி வைப்பதையும் விலங்கின் உடற்பாகத்தை எடுப்பதையும் மட்டும் பெயர் சொல்லி விலக்குகிறது. வரியின் முதல் பாதியை மட்டும் படித்தவர்கள்தான் உங்களிடம் பேசியிருக்கிறார்கள்.

நாட்டில் விதிவிலக்கே இல்லையா என்றால், நிக்கோபார் தீவுகள் இருக்கின்றன. அங்குள்ள பழங்குடியினருக்கு 1967 ஏப்ரல் 28-ஆம் தேதி அறிவிக்கையில் வழங்கப்பட்ட வேட்டை உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது என்று வன உயிரினச் சட்டத்தின் 65-ஆம் பிரிவே சொல்கிறது. ஜவ்வாது மலைக்கும் கொல்லி மலைக்கும் அது பொருந்தாது. குடகில் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாமே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், கொடவர்களுக்கும் அங்கே ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் 2029 அக்டோபர்வரை விலக்கு உண்டு. அந்த விலக்கு துப்பாக்கியை வைத்திருக்கத்தான். அதைக்கொண்டு மானைச் சுட்டால் குடகிலும் அதே வழக்குத்தான்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், வன உரிமைச் சட்டம் வேட்டையை மட்டும் விலக்கியதில் ஒரு பாரபட்சம் இருக்கிறது. காட்டைத் தின்றது மலைக்காரனின் உண்டிவில் அல்ல. ஆனால் கருத்து வேறு, கைது வேறு. வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உடும்பையோ மயிலையோ வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 'வேட்டை' என்றால் கொல்வது மட்டுமல்ல. துரத்துவது, கண்ணி வைப்பது, முயற்சி செய்வது, கூட்டிலிருந்து முட்டை எடுப்பது எல்லாமே வேட்டைதான். திருவிழாவின்போது நடக்கும் பாரிவேட்டைக்கும் விலக்கு இல்லை. முயலும் கௌதாரியும் பாதுகாக்கப்பட்ட உயிர்களே.

காட்டுப்பன்றிக்கு வருவோம். கொல்லையில் கட்டிய காவல் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டவும் டார்ச் அடிக்கவும் வெடிச்சத்தம் இல்லாமல் கூச்சல் போடவும் தடை இல்லை. உங்கள் மேல் பாய்ந்து வரும்போது உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது என்று வன உயிரினச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நீங்களே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்புக் கிடையாது. ஈட்டியோடு பன்றியைத் துரத்திப் போய், அது திரும்பிப் பாய்ந்தது என்றால் உங்கள் வாதம் நிற்காது. அதனால் கொல்லைக் காவலுக்கு ஈட்டி வேண்டாம், தடி போதும். பன்றியைச் சுடும் அதிகாரம் தமிழ்நாட்டில் வனத்துறைக்கு மட்டும்தான். 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே வனத்துறையினர் சுடலாம்; உங்கள் கொல்லை காட்டை ஒட்டியே இருக்கும் என்பதால் அது உங்களுக்குப் பெரிதாகப் பயன்படாது. பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் கேட்டு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். சேதத்தைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் சேத விவரத்துக்குச் சான்று வாங்குங்கள். அவுட்டுக்காய் (தீனிக்குள் வெடிமருந்து வைத்த உருண்டை) வைக்கலாம், வேலியில் கரண்ட் விடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை யானை கடித்து வாய் சிதறிப் பட்டினியில் சாகிறது. வைத்தவர்மேல் வன உயிரினச் சட்டத்தோடு 1908-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் பாயும்.

அப்புறம், ஈட்டியையும் உண்டிவில்லையும் வலையையும் என்ன செய்வது? வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். நிலையாக ஓர் இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தால், உதகமண்டலத்துக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் மானுடவியல் பிரிவு உண்டு. வீடு தேடி வரும் பழம்பொருள் வியாபாரியிடம் விற்காதீர்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் என்றால் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதானால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். 'பழங்குடி ஆயுதம், மரம், ஒன்று' என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் சொல்வீர்களோ அந்தப் பெயரும், தாத்தாவின் பெயரும் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும்.